கையா, எண்ணெயா

பல் டாக்டரம்மாவின் கார் நேர்ச்சாலையில் வரும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பட்டறைக்குள் நுழைய வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒடித்ததும்தான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கனமான மரப்பெட்டியைத் தரையில் விட்டு விட்டு இழுப்பதுபோல. கர்ர்ர், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி கர்ர்ர்.

பட்டறையோடு சேர்ந்த வீட்டின் மூன்று பேருமே அதைக் கேட்டார்கள். மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் மனைவி உள்ளறையில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்து கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, பட்டறையின் முன்பக்கம் ஷட்டர் போட்ட சின்ன அறையில், தன் எண்ணெய்க் கடையின் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் கைவேலையை நிறுத்தினார்கள். ஆளுக்கொரு காரணம்.

மெக்கானிக்குக்குத் தெருவில் 'தந்தி' என்று பெயர். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் பேசுகிறவர் மாதிரிதான் வாயைத் திறப்பார். "பதிமூணு" என்றால் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். "சூடு" என்றால் டீ வேண்டுமா, கை கழுவ வெந்நீர் வேண்டுமா என்பதை மற்றவர்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வேலை சுத்தம். வேகத்துக்கென்றே செய்த கார்களின் பின்னச்சு வேலை, அதிலும் டிஃபரன்ஷியல் வேலை என்றால், அடுத்த ஊர்க்காரர்கள்கூட வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

மைத்துனன் முதலில் பழச்சாறுக் கடை வைத்தான், போனது. செல்போன் கடை வைத்தான், அதுவும் போனது. மூன்றாவதாக இந்த எண்ணெய்க் கடை. முன் அறையைத் தம்பிக்குக் கொடுங்கள் என்று மனைவி கேட்டபோது மெக்கானிக் கூரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் "சாவி ஆணியில" என்றார். அதுதான் சம்மதம்.

டாக்டரம்மா இறங்கினார். நரைத்த முடியைக் கழுத்தோடு கத்தரித்துக்கொண்ட பெண்மணி. கிளினிக்கில் பூ மாதிரிப் பேசுவார். கார் ஓட்டும்போது மட்டும் யாருக்கும் பயப்பட மாட்டார். தரையோடு ஒட்டி நிற்கும் அந்த இரண்டு கதவு வண்டிதான் அவருக்குச் செல்லப்பிள்ளை. அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே, விமானம் இறங்காத பழைய ஓடுதளத்தில் கூம்புகளை நட்டு வைத்து, அவற்றுக்கிடையில் வளைத்து வளைத்து ஓட்டும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் அவர் பழைய உறுப்பினர்.

"என்ன மெக்கானிக், என் வண்டி பல்லைக் கடிக்குது" என்றார்.

"எப்ப?"

"மெதுவாத் திரும்பும்போது. ரோட்டுல நேராப் போனா ஒண்ணும் இல்ல. கிளினிக் வாசல்ல திருப்பி நிறுத்துறதுக்குள்ள, உள்ள உக்காந்திருக்கிறவங்க எல்லாம் எட்டிப் பாக்குறாங்க. டாக்டருக்கே பல்லு சரியில்ல போலன்னு நினைச்சுக்கிறாங்க."

"எத்தனை நாளா?"

"போன வாரம் நீங்க எண்ணெய் மாத்துனீங்கள்ல, அப்புறந்தான். முதல்ல லேசா இருந்துச்சு. வண்டி நல்லா சூடானா அதிகமாகுது." டாக்டரம்மா சாவியை அவர் கையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை ஓட்டம் இருக்கு. இந்தத் தடவை என் பொண்ணும் ஓட்டுறேன்னு சொல்லியிருக்கா. இத்தனை வருஷமா அம்மாவுக்கு வயசுக்கேத்த புத்தி இல்லைன்னு சொன்னவ. அவளா வாயத் திறந்து கேட்டிருக்கா. அதான் கேக்குறேன், இதோட ஓட்டலாமா, கூடாதா?"

"பாக்குறேன்."

"மழைக்காலத்துல நீங்க டிஃபரன்ஷியலைப் பிரிச்சு மாட்டினீங்க. போன வாரம் எண்ணெய் மாறுச்சு. ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். கையா, எண்ணெயா, பாத்துச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போயும்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் பட்டறை நடுவில் நின்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். வானம் மூட்டமாக இருந்தது, காற்றே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, காதை வெளியே கொடுத்து, ஒவ்வொரு முக்கிலும் மெதுவாகத் திருப்பினார். கத்தியது. நேராக்கினார். அடங்கியது.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் அதனதன் வேகத்தில் ஓடும்படி பின்னச்சின் நடுவில் இருந்து பஞ்சாயத்து செய்வதுதான் டிஃபரன்ஷியல். சாதாரண வண்டிக்கு அது போதும். வேகமாக வளைக்கிற வண்டிக்குப் போதாது. வளைவில் ஒரு சக்கரம் தரையைவிட்டு லேசானால், எஞ்சினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய் வீணாகச் சுற்றும். அதைத் தடுக்க உள்ளே ஏதாவது ஒரு பிடிமானம் வைப்பார்கள். சில வண்டிகளில் அது பல்சக்கரங்களாலேயே ஆனது. சிலவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டத் தட்டுகள். தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும், திரும்பும்போது நழுவவும் வேண்டும்.

அந்தத் தட்டுகளைத்தான் அவர் நினைத்துக்கொண்டே வந்தார். தன் கையால் அடுக்கியவை. ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டோமோ? இடைவெளியைச் சரியாக அளக்கவில்லையோ? பட்டறைக்குள் வந்து எஞ்சினை நிறுத்தியபோது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மைத்துனன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மாமா?"

அவர் தலையைத் திருப்பிக் கடைக்குள் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தார். "எண்ணெய்?" என்றார்.

அது வெறும் கேள்விதான். ஆனால் முழுதாகக் கேட்காத கேள்வி, கேட்பவன் மனதில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் போய் விழும். மைத்துனன் முகம் சுண்டிவிட்டது.

"என் எண்ணெயில என்ன மாமா குறை? அதே டப்பாதான் நாலு வண்டிக்குப் போயிருக்கு. ஒரு வண்டி முனகல. நான் சொல்லக் கூடாது, ஆனா கம்பெனி டப்பா, சீல் உடைக்காதது. உள்ள இருக்கிற சாமான் எப்படியோ."

"சாமான் நான் மாட்டுனது."

"எண்ணெய் நான் குடுத்தது."

ஒருவர் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். இன்னொருவன் துடைத்த டப்பாக்களையே திரும்பத் துடைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும். சுவரைப் பார்த்து ஒருவர் சாப்பிட, தட்டைப் பார்த்து ஒருவன் சாப்பிட்டான். மனைவி நடுவில்.

"உங்க மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு வேணுமான்னு கேளு" என்றாள் தம்பியிடம்.

"நீயே கேளேன்க்கா."

"தம்பிக்கு முட்டை வச்சீங்களா?" என்றாள் கணவனிடம்.

"கை இருக்கில்ல."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து பழகியதுதான். ஆனால் இன்றைக்கு இடி கொஞ்சம் பலமாக இருந்தது. கணவன் கை தப்பு செய்தது என்றால் அந்த மனிதர் அடுத்த வண்டியைத் தொடவே யோசிப்பார். தம்பியின் எண்ணெய் தப்பு என்றால், டாக்டரம்மாவின் கூட்டத்தில் ஒருவரும் இந்தக் கடைப் படியேற மாட்டார்கள். அவர்களை நம்பித்தான் கடையே. யார் தோற்றாலும் அவளுக்குத்தான் தோல்வி. தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றித் தூக்கினார். டிஃபரன்ஷியலின் அடி நட்டைக் கழற்றியதும் சூடான எண்ணெய் தட்டத்தில் இறங்கியது. கியர் ஆயிலுக்கே உரிய அந்த அழுகின முட்டை வாடை பட்டறை முழுக்கப் பரவியது. நட்டின் முனையில் இருந்த காந்தத்தைத் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்மை மாதிரி நைசான கறுப்பு மட்டும். பல் உடைந்த துணுக்கு இல்லை, பேரிங் தேய்ந்த மினுமினுப்பும் இல்லை. எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"துணுக்கு இல்ல" என்றார், தனக்குத்தானே.

மைத்துனன் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான். கோபம் ஆறவில்லை என்றாலும் ஆர்வம் விடவில்லை.

"மாமா, கெட்டி எண்ணெய் போட்டுப் பாக்கலாமா? நூத்து நாப்பது இருக்கு. ரேஸ் ஓட்டுறவங்க வாங்குறது. சூட்டுல இளகாது. சத்தத்தை அமுக்கிடும்."

"போடு."

போட்டார்கள். மெக்கானிக் வண்டியை வெளியே எடுத்தார். முதல் திருப்பத்தில் சத்தம் பாதியாகியிருந்தது. மைத்துனன் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், முகம் மலர்ந்தது. நெடுஞ்சாலைவரை போய், நன்றாகச் சூடேற்றித் திரும்பி வந்தபோது, அதே திருப்பத்தில் அதே மரப்பெட்டி. கொஞ்சம் கரகரப்பு குறைந்த மரப்பெட்டி.

"போர்வை போத்துனா இருமல் நிக்காது" என்றார் மெக்கானிக். அவரைப் பொறுத்தவரை அது ஒரு நீண்ட பிரசங்கம். அடுத்து, "இறக்கணும்" என்றார். டிஃபரன்ஷியலையே வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும் என்று அர்த்தம். பிரித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்ட முடியாது.

மைத்துனன் மாடிக்குப் போனான். வெளியே தூறல் ஆரம்பித்தது.

மனைவி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போகிற வழியில் தம்பியின் அறையை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் பை திறந்து கிடந்தது. சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்ட?"

"நண்பன் ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். கிடங்கு வேலை."

"எண்ணெய்க் கடையை யாரு பாக்குறது? நானா? எனக்கு நூல்கண்டு பாக்கவே நேரம் இல்ல."

"வேணாம்க்கா. நான் கை வச்சது எதுவும் துலங்காது. ரெண்டு கடை என் பேரோட போச்சு. இது மாமா பேரையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். அவர் வாயத் திறந்து திட்டினாலாவது தேவலாம். 'எண்ணெய்?'னு ஒரு வார்த்தை கேக்குறாரு. நெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடித்த சட்டை ஒன்றை எடுத்து, மடிப்பு சரியில்லை என்று உதறி, மறுபடி மடித்தாள்.

"போன வாரம் அவரு என்ன கேட்டாரு உன்கிட்ட? அப்படியே சொல்லு."

"வண்டிக்கு அடியில இருந்து கையை நீட்டினாரு. 'தொண்ணூறு ஒண்ணு'ன்னாரு. தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் ஒரு டப்பா குடுத்தேன்."

"வேற எதுவும் கேக்கலையா நீ?"

"மாமாகிட்ட போய் நான் என்னக்கா கேக்குறது? அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? கேட்டா, இவன் என்ன என்னையே பரீட்சை பண்றான்னு நினைப்பாரு."

"அந்த வண்டிக்கு அது சரியான எண்ணெய்தானா?"

"அதுல சந்தேகமே இல்ல. இந்த மாடல் வண்டி எல்லாத்துலயும் பல்சக்கரப் பிடிமானம்தான், தட்டு கிடையாது. தட்டு இருந்தாத்தான் வேற மாதிரி. தட்டு வழுக்கிக் குடுக்க எண்ணெயில ஒரு மருந்து சேத்திருக்கணும். இல்லன்னா ஒட்டும், விடும், ஒட்டும், விடும். அப்பதான் இந்த மாதிரி கர்ருனு..." அவன் பாதியில் நிறுத்தினான். "ஆனா இதுல தட்டு இல்லையே."

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்தபடி அவனைப் பார்த்தாள்.

"மழைக்காலத்துல என் தையல் மேசை மேல ஒரு தட்டம் நிறைய எண்ணெயை ஊத்தி, வட்ட வட்டமா, நடுவுல ஓட்டை வச்ச தகடா ஊறப் போட்டிருந்தாரு. எண்ணெய் சொட்டி, தைக்க வச்சிருந்த வெள்ளைத் தோல் ஒண்ணு பாழாப் போச்சு. அன்னைக்கு ரெண்டு வேளை நான் அவர்கூடப் பேசல. அதனால நல்லா ஞாபகம் இருக்கு. அது டாக்டரம்மா வண்டிக்குன்னுதான் சொன்னாரு."

"தட்டா?"

"தட்டுன்னுதான் சொன்னாரு. அந்தம்மா வண்டியில இருந்ததை எடுத்துட்டு, இன்னும் நல்லாப் பிடிக்கிற மாதிரி வேற மாட்டணும்னு கேட்டாங்களாம்."

மழைக்காலத்தில் அவன் அந்தக் கிடங்கு நண்பனிடம் இருந்தான், எண்ணெய்க் கடையே திறந்திருக்கவில்லை. அவன் எழுந்து படிக்கட்டில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று மாடியிலேயே நின்றுவிட்டது.

மெக்கானிக் கருவிகளைத் துணியில் பரப்பி, அச்சுத் தண்டின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியிருந்தார்.

"மாமா, நிறுத்துங்க. இதுல தட்டா இருக்கு?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

மெக்கானிக் ஸ்பேனரை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார். "நீ குடுத்ததுல மருந்து இல்லையா?"

"இல்ல மாமா. அது மருந்து சேக்காதது. தட்டு இல்லாத வண்டிக்கு."

"முன்னாடி வாங்குன கடையில கலந்தே குடுப்பான்."

"அவனுக்கு உங்க வேலை என்னன்னு தெரியும், பல வருஷப் பழக்கம். எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் நினைச்சேன்..." என்று தொடங்கிய மெக்கானிக் அதற்கு மேல் போகவில்லை.

பின்னாலேயே இறங்கி வந்த மனைவி, தம்பியின் செருப்பை அவன் காலடியில் போட்டாள். "நீங்க நினைச்சது அவனுக்கு எப்படிங்க கேக்கும்? நினைக்கிறது சத்தம் போடுமா?" என்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீயும் லேசுப்பட்டவன் இல்ல. கேட்டா மரியாதை குறைஞ்சிடும்னு வாயக் கட்டிக்கிட்ட. இப்ப ஒரு நாள் முழுக்க ரெண்டு பேரும் என் சாப்பாட்டைத்தான் கெடுத்தீங்க."

இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் தோள்கள் மெல்லக் குலுங்கின. சிரிக்கிறார் என்பது புரிய மைத்துனனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மருந்து இருக்கா?" என்றார்.

"சின்ன பாட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு மாமா. முதல் சரக்கோட வந்தது. ஒருத்தரும் கேக்கலைன்னு பரண்ல போட்டுட்டேன்."

கெட்டி எண்ணெயை இறக்கினார்கள். பழையபடி தொண்ணூறை ஏற்றினார்கள். மைத்துனன் பாட்டிலைத் திறந்து கவிழ்க்கப் போனபோது மெக்கானிக் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் நின்றான். அவர் ஏதோ சொல்ல வந்து, மனைவியைப் பார்த்து, மறுபடி அவனைப் பார்த்து, முழுதாகவே சொன்னார்:

"முழுசும் ஊத்தாத. பாதி ஊத்து. அதிகமாப் போச்சுன்னா தட்டு வழுக்கிக்கிட்டே இருக்கும், பிடிக்கவே பிடிக்காது. சத்தம் போயிடும், ஆனா டாக்டரம்மா வளைக்கும்போது ஒரு சக்கரம் சும்மா சுத்தும். அப்புறம் தட்டு மாட்டினதே வீண். பாதி ஊத்தி ஓட்டிப் பாப்போம். பத்தலைன்னா மிச்சம்."

"சரி மாமா" என்றான் மைத்துனன். பாதி ஊற்றிவிட்டு, "எங்க ஓட்டுறது மாமா? எட்டு போட இடம் வேணுமே?" என்று கேட்டான்.

"சந்தை மைதானம்" என்றார் அவர்.

தூறல் விட்டிருந்தது. சந்தை கூடாத நாள் என்பதால் மைதானம் காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரையில் அங்கங்கே தண்ணீர் தேங்கி, மேகம் விலகிய வானம் அதில் தெரிந்தது. மெக்கானிக், ஒரு மனிதன் உட்காரவே யோசிக்கும் அந்தப் பின்சீட்டில் உடம்பை மடக்கி, காதைத் தரைவிரிப்பில் வைத்துப் படுத்துக்கொண்டார். மைத்துனன் வெளியே நடுவில் நின்றான். ஓட்ட மிச்சமிருந்தது மனைவிதான்.

அந்த வண்டியின் சீட்டுக்கு உறை தைத்தது அவள். அதில் உட்கார்ந்து ஓட்டுவது அன்றுதான் முதல்முறை. கிளட்சை விட்டபோது வண்டி அவளைக் கேட்காமல் ஒரு துள்ளு துள்ளியது.

"மெதுவா" என்றது பின்சீட்டின் தரை.

தம்பியைச் சுற்றி எட்டு எட்டாக வளைத்தாள். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். கர்ர்ர். இன்னொன்று. கர்ர்ர். மைத்துனனின் முகம் வாடத் தொடங்கியது. பின்னாலிருந்து, "விடாத, சுத்து. மருந்து தட்டுக்குள்ள போகணும்" என்று குரல் வந்தது. சுற்றினாள். கர்ர்ர் என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, குர் என்று ஆயிற்று. வண்டியை நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, மிச்சத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். மறுபடி எட்டு. ஏதோ ஒரு வளைவில், எந்த வளைவு என்று மூன்று பேருக்குமே சொல்லத் தெரியாது, சத்தம் நின்றுபோயிருந்தது. டயர் ஈரத்தில் உரசும் ஒலி மட்டும் கேட்டது.

மைத்துனன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். மெக்கானிக் எழுந்து உட்கார முயன்று கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"போதும்" என்றார்.

"இருங்க" என்றாள் அவள். "இன்னும் ரெண்டு சுத்து."

"அதான் போயிடுச்சே."

"சத்தம் போயிடுச்சு. நான் சத்தத்துக்காகவா ஓட்டுறேன்?"

அவர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வளைவில் அவள் காலை அழுத்தியபோது, பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகத் தரையைக் கவ்வி வண்டியைத் தள்ளியதை முதுகெலும்பில் உணர்ந்தார். தட்டு பிடிக்கிறது. மனைவியிடம் சொல்ல நினைத்தார். ஆனால் பின்பார்வைக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அப்படியொரு சிரிப்பை அவர் பார்த்து வெகுநாளாயிற்று. பேசாமல் இருந்துவிட்டார். அந்த ஒரு முறை பேசாமல் இருந்தது சரிதான்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். வண்டியை எடுத்து முற்றத்திலேயே ஒரு வட்டம் அடித்துப் பார்த்தார். இறங்கினார்.

"பல்லைக் கடிக்கல. என்ன செஞ்சீங்க? கையா, எண்ணெயா?"

மெக்கானிக் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் மெக்கானிக்கைப் பார்த்தான். இரண்டு பேரும் தவறைத் தன்மேல் போட்டுக்கொள்ள வாயெடுத்த நேரம், தையல் அறையிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டும் இல்ல டாக்டர். வாய்."

நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா வெகுநேரம் சிரித்தார். "வாய்ன்னா என்கிட்ட இல்ல கொண்டு வந்திருக்கணும்? நாற்காலியில உக்கார வச்சு ரெண்டு பேருக்கும் திறந்து விட்டிருப்பேனே" என்றார். போகும்போது, தட்டு வைத்த வண்டிகள் தங்கள் கூட்டத்தில் இன்னும் சில இருப்பதாகவும், எண்ணெய் மாற்ற அனுப்புவதாகவும் சொன்னார். பரணிலிருந்து அட்டைப்பெட்டி இறங்கி, கடையின் முன்வரிசைக்கு வந்தது. மாடியில் கட்டில்மேல் கிடந்த பையை யார் காலி செய்து அலமாரியில் சட்டைகளை அடுக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவின் மகள் ஏகப்பட்ட கூம்புகளைச் சாய்த்துத் தள்ளினாள் என்றும், அடுத்த ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டாள் என்றும் செய்தி வந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு லாரி டிரைவர் கடைக்கு வந்தார். எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வந்து, "கியர் ஆயில் ஒரு டப்பா குடு தம்பி" என்றார்.

மைத்துனன் டப்பாவைத் தொடவில்லை. "என்ன வண்டிண்ணே? கியர் பாக்ஸுக்கா, பின்னச்சுக்கா? முன்னாடி என்ன போட்டிருந்தீங்க? நடுவுல யாராவது பிரிச்சாங்களா? உள்ள ஏதும் மாத்தினாங்களா? சத்தம் ஏதும் வருதா? நேராப் போகும்போதா, திரும்பும்போதா?"

டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, நான் எண்ணெய் வாங்க வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?"

"ரெண்டுக்கும் விசாரிச்சுத்தாண்ணே குடுக்கணும்" என்றான் அவன்.

வேனுக்கு அடியில் ஸ்பேனர் தரையில் விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து மெக்கானிக் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தமும் கேட்டன. உள்ளறையில் தையல் எந்திரம் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.